பதினொரு வணக்கங்களும் ஒரு கிரேனும்

தபோராவுக்கு மேற்கே, புதிய ரயில் பாலத்தருகே,
செவ்வாய்க்கிழமை.

என் தம்பியின் மூத்த மகனும், தலைநகர் தொடோமாவில் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வாளர் என்னும் சுழல் நாற்காலியில் அமர்ந்திருப்பவனுமாகிய மருமகன் மிஹாயோவுக்கு, அத்தை கெனரோசா எழுதுவது.

நான் நலம், என் கழிப்பறை நலமில்லை. உன் சென்ற கடிதத்தின் முதல் வரியில் நீ வைத்த 'ஷிகமூ' வணக்கம் வந்து சேர்ந்தது. பெரியவருக்கு ஷிகமூ சொன்ன இளையவர், 'மரஹபா' என்று பதில் கிடைக்கும்வரை நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது என்பதை அரசு ஊழியம் உனக்கு மறக்கடித்திருக்காது என்று நம்புகிறேன். உனக்குரிய பதில் இக்கடிதத்தின் இறுதியில் இருக்கிறது. அதுவரை நாற்காலியை விட்டு எழுந்திராதே. தொலைபேசியில் சொன்னால் "சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். எழுதினால் கோப்பில் ஏறும் என்பதால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்கு எதிரே, சாலைக்கு அப்பால், வேலி போட்டு ஆற்றுக்குக் குறுக்கே பாலத் தூண்கள் எழுப்புகிறார்கள். போன வாரம் பெய்த மழையில் மண் கூழாகிவிட்டது. கொடியசைத்துக் கிரேனுக்குச் சைகை காட்டும் நியாமிசி என்ற பெண், என்னிடம் இயற்பியல் படித்தவள், அதைப் புரிந்துகொண்டவர்களில் ஒருத்தி, கிரேனின் ஒரு கால் புதைவதைக் கவனித்து, அதில் மண் மட்டத்துக்கு நான்கு விரல் மேலே தன் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருக்கிறாள். சனிக்கிழமை காலையில் தெரிந்த கோடு மதியம் மண்ணுக்குள் போய்விட்டது. மேஸ்திரி இங்காசாவிடம் ஓடிச் சொன்னாளாம். "அடியே, நகத்துக்குப் பூசுறதை நகத்துக்குப் பூசு. திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்றானாம் அந்த அறிஞன். மாலை நான்கு மணிக்கு நான் சந்தையிலிருந்து வாழைத்தாருடன் வேலியோரமாக வந்தேன். அங்கே வேலை செய்யும் பதினொரு ஆண்களில் ஒன்பது பேரின் தாய்மார்கள் என்னிடம் படித்தவர்கள். எனவே கிரேன் ஓட்டி உட்பட எல்லோரும் இறங்கி, கொடியைச் செருகிவிட்டு வந்த நியாமிசியோடு வேலிக்கு வந்து ஷிகமூ சொன்னார்கள். நான் மொத்தமாகப் பதில் தருபவள் அல்லள். ஒவ்வொருவனிடமும் வீடு எப்படி, அம்மாவின் முழங்கால் எப்படி, மாட்டுக்குக் கன்று வந்ததா என்று கேட்டுத்தான் மரஹபா. ஏழாவது ஆள் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அப்போது பின்னால் கிரேன் கும்பிடுவதுபோல மெல்லக் குனிந்தது, தூக்கியிருந்த கான்கிரீட் உத்தரத்தை அவர்கள் ஐந்து நிமிடம் முன்பு நின்ற இடத்தில் போட்டது, தன் நீண்ட கையைச் சாலைக்குக் குறுக்கே நீட்டி, என் சுவரைத் தாண்டி, என் கழிப்பறையின் தலையில் வைத்தது. உள்ளே யாரும் இல்லை. இருக்கக்கூடிய ஒரே ஆள் மாமியார் கதை கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதிலிருந்து மூன்று தரப்பினர் மூன்று பாடம் கற்றார்கள். தங்கள் சிறந்த முன்னேற்பாட்டால் உயிர்ச்சேதம் இல்லை என்று ஒப்பந்தக்காரர் அறிக்கை எழுதினார். பணியிடத்தை விட்டு அகன்ற குற்றத்துக்காக நியாமிசியை வீட்டுக்கு அனுப்பினான் இங்காசா. அவள் வாயை மூட அதைவிட வசதியான வழி இல்லை. பதினொரு ஆண்களோ, என் மரஹபாவில்தான் மகிமை இருக்கிறது, நான் வேலியருகே உட்காராவிட்டால் உத்தரத்துக்குக் கீழே நிற்கமாட்டோம் என்று முடிவுகட்டினார்கள். நேற்று இங்காசா ஒரு மஞ்சள் தலைக்கவசம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை சகிதம் என் வாசலில் நின்றான்.

"டீச்சரம்மா, வியாழக்கிழமை அடுத்த உத்தரம் ஏத்தறோம். நீங்க சும்மா வந்து உக்காந்தா போதும்."

"ஏண்டா, அந்தக் கால் நிக்கிற மண்ணைப் பார்த்தியா?"

"மண்ணு கிடக்குது டீச்சரம்மா. பசங்களுக்குத் தைரியம் வேணும்ல."

"தைரியத்துக்குக் கீழே கல்லு போட்டியா?"

"அதெல்லாம் மெதுவா..."

"எடுத்துட்டுப் போடா உன் நாற்காலியை! நான் பட்டதாரி, தாயத்து இல்லை!"

தலைக்கவசத்தை மட்டும் வாசலில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். கோழி அதில் முட்டையிட்டிருக்கிறது.

ஆகவே மருமகனே, வியாழனுக்குள் வந்து அந்த மண்ணைப் பார். அதே சேற்றில் வேறு கிரேனை நிறுத்தப் போகிறார்கள். அடுத்த முறை ஒரு கிழவி வாழைத்தாருடன் வருவாள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நியாமிசியை மீண்டும் வேலையில் வைக்கச் சொல். சேற்றைச் சேறு என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். நான் எக்காரணம் கொண்டும் அந்த நாற்காலியில் உட்காரமாட்டேன்.

உன் மனைவிக்கும் மக்களுக்கும் நீண்ட ஆயுளும், உனக்குக் குறைந்தபட்ச வெட்கமும் அருளுமாறு கடவுளை வேண்டுகிறேன். இதோ, நீ காத்திருந்தது: மரஹபா.

அன்புள்ள அத்தை,
கெனரோசா

பி.கு.: வியாழன் மாலை. கடிதங்கள் கொண்டுபோகும் பேருந்து, சாலையில் கிடந்த கிரேனைத் தாண்ட முடியாமல் இன்றுதான் வந்தது. கடிதமே போகாதபோது நீ எப்படி வருவாய்? ஆகவே இதை நான், இங்காசா மறுபடி கொண்டுவந்து போட்ட அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதுகுக்கு இதமாக இருக்கிறது. முட்டையை எடுத்துவிட்டுக் கவசத்தையும் அணிந்துகொண்டேன்.

காலை ஏழு மணிக்குப் பதினொரு பேரும் வரிசையாக ஷிகமூ சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை. அவர்களும் நகரவில்லை, கிரேன் ஓட்டி ஏணியைப் பார்த்தபடியே நின்றான். எட்டு மணிக்கு இங்காசா, "டீச்சரம்மா, ஒரு வார்த்தை சொல்லுங்க, கால் கடுக்குது பசங்களுக்கு" என்று கெஞ்சினான். "நியாமிசி வந்து கோட்டைப் படிச்சாத்தான் என் வாயில வார்த்தை வரும்" என்றேன். ஒன்பதுக்கு முன் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தார்கள். புதுக் கிரேனின் காலில் புதுக் கோடு போட்டாள். ஒரு மணி நேரத்தில் இரண்டு விரல் இறங்கியது. எல்லோரும் பார்த்தார்கள், இங்காசா இரண்டு முறை பார்த்தான். மதியம் வரை கல்லும் இரும்புத் தகடுகளும் வந்து இறங்கின. அதற்குப் பின் மூன்று மணிவரை கோடு அசையவில்லை. பதினொரு மரஹபா கொடுத்தேன். உத்தரம் ஏறி, தூணில் பதவிசாக உட்கார்ந்தது. "எனக்கு, டீச்சரம்மா?" என்றான் இங்காசா. நியாமிசியின் பெயரைச் சம்பளப் பட்டியலில் ஏற்றிக்கொண்டு வந்து காட்டினான், கொடுத்தேன்.

எனவே நீ வரத் தேவையில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இன்னும் பத்தொன்பது தூண்கள் இருக்கின்றன; எனக்கு வயது எழுபத்தாறு. கிழவியின் பிடிவாதம் விதிமுறை ஆகாது. நியாமிசியின் சிவப்புக் கோட்டை உன் கையெழுத்துடன் விதியாக்கிக் கொண்டு வா. அதுவரை மேலே கொடுத்த மரஹபாவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

உன் ஷிகமூ நிலுவையில் நிற்கிறது. நீயும் எழுந்து நில்.