தோண்டுகிறவர்கள் முன்னால் வரவும்

எஸ்டிமேட்டைத் தாண்டாமல் ரோடு போடுவது எப்படி என்ற ஞானம் எனக்கு உப்பளம் என்ற பேட்டையில், ஒரு கடப்பாரையைப் பார்த்தபோது பிறந்தது. நாங்கள் போட்ட தாரில் இன்னும் சூடு ஆறவில்லை; ஒருவர் தண்ணீர்க் குழாய்க்காக அதைக் கொத்திக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளத்தை மூட மறுபடி ஜல்லி, மறுபடி தார். ஒரே ரோட்டை இரண்டு தடவை போட்டால் செலவு ஏறாமல் என்ன செய்யும்?

அப்போது நான் புத்தம்புது சர்க்கார் ஜூனியர் என்ஜினீயர். அடுத்து எங்கள் தெருவுக்கே ரோடு. விடுவேனா? ரிக்‌ஷாவில் மைக் கட்டி நானே அறிவித்தேன்: "குழாய் போடுகிறவர்கள் இந்த வாரமே தோண்டிக்கொள்ளுங்கள்! ரோடு போட்டபிறகு கடப்பாரை பட்டால் அபராதம்!"

தெருவே தோண்டியது. தேவைப்பட்டவர்கள் மட்டுமல்ல.

"குழாய்தான் இருக்கே, நீங்க ஏங்க்கா தோண்டுறீங்க?" என்று எதிர்வீட்டு ரோசாலி அக்காவைக் கேட்டேன்.

"நாளைக்கு மாடி கட்டுனா நீ தோண்ட உடுவியா தம்பி? எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும்."

(எனக்குப் பெருமை தாங்கவில்லை. மக்கள் ஒத்துழைப்பு!)

நான் யோசிக்காதது ஒன்றுதான்: எங்கள் பக்கத்துக்கே ஒரே ஒரு ப்ளம்பர். வாரம் முடிந்தும் அவர் தெருமுனையைத் தாண்டவில்லை. குழாய் இறங்காமல் பள்ளத்தை மூட யாருக்கும் மனமில்லை. திங்கட்கிழமை காலை என் தங்கை செலினுக்கு மாதா கோயிலில் கல்யாணம். கார் தெருமுனையில் நிற்கிறது. எங்கள் வாசலுக்கும் அதற்கும் நடுவே வரிசையாகப் பள்ளம். கோயிலில் மாப்பிள்ளையும் சாமியாரும் காத்திருக்கிறார்கள்.

"இப்ப பொண்ணு பறந்து போவாளாடா?" என்றார் அப்பா.

ரோடு வேலை ஆட்கள்தான் காப்பாற்றினார்கள். செலினை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் தூக்கி, பள்ளம் பள்ளமாக இறங்கி ஏறினார்கள். மாதா தேர் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டவர்களும் உண்டு. தேரிலிருந்து வந்த குரல்தான் சரியில்லை: "அண்ணா, உன் ரோட்டுல புல்லு மொளைக்க!"

வெள்ளைப் புடவை சேற்றுக் கறையோடு கோயிலுக்குள் நுழைந்தது. மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, பொண்ணை வூட்லேருந்து அழைச்சிட்டு வந்தீங்களா, தோண்டி எடுத்தீங்களா?" இன்றும் செலினின் கணவர் அவளை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், "தோண்டி எடுத்த பொண்ணு" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

சிரிக்கட்டும். எங்கள் தெரு எஸ்டிமேட்டுக்குள் முடிந்தது. இதுவரை ஒரு கடப்பாரை அதன்மேல் படவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சைக்கிள் விடுகிறேன். அடுத்த மாதம் குருசுக்குப்பத்தில் ரோடு. இந்த முறை ப்ளம்பர்களை முதலிலேயே பிடித்தாயிற்று. தெருவில் ஒரு பாதியைத் தோண்டி மூடிய பிறகே மறுபாதி (யோசனை செலினுடையது). மைக்கில் சொல்ல வேண்டிய முதல் வரியும் தயார்: "யார் வீட்டிலாவது கல்யாணம் உண்டா?"