பரணில் படுத்த ஒட்டோரினோ

திராட்சையெல்லாம் பறித்து, மூங்கில் தட்டுகளில் பரப்பி, பரணில் ஏற்றி முடித்த மறுநாள் காலை, ஒட்டோரினோ சாப்பாட்டு மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். காப்பிக் கிண்ணம் குதித்தது. பூனை எழுந்து வெளியே போய்விட்டது.

"இந்த வருஷம் ஒரு திராட்சையில கூடப் பூசணம் பிடிக்காது. பிடிக்க விடமாட்டேன். இது சத்தியம்!"

அவர் மனைவி நீவெஸ் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள். சபதத்தை மதிக்காத கொட்டாவி இல்லை அது. கல்யாணமான நாளிலிருந்தே வருகிற கொட்டாவி. முப்பத்தாறு வருஷமாக அவள் கண்ணுக்குக் கீழே இரண்டு கருவளையம் குடியிருந்தது.

ஒட்டோரினோவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கொர்வினாத் திராட்சையைப் பறித்த கையோடு பிழிந்தால் அது ஏதோ ஒரு ஒயின். மரானோ ஊரில் யார் வீட்டிலும் கிடைக்கும். அதையே நூறு நாள் பரணில் உலர்த்தி, கிழவன் கன்னம் மாதிரி சுருங்க வைத்து, அப்புறம் நசுக்கினால்தான் அமரோனே ஒயின். அந்த நூறு நாளும் ஜன்னலோடுதான் மாரடிப்பு. காய்ந்த காற்று வந்தால் திறக்கணும். மூடுபனி வந்தால் மூடணும். மூடுபனியோ யாரிடமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. போன வருஷம் ஒரு வாரம் திறந்தே கிடந்த ஜன்னல் வழியாக அது உள்ளே வந்து, மூன்றில் ஒரு பங்கு திராட்சைக்குச் சாம்பல் நிறத்தில் மீசை வைத்துவிட்டுப் போனது.

அதுகூடப் பரவாயில்லை. பக்கத்து வீட்டு சில்வினோ தன் பரணில் மின்விசிறி மெஷின் பூட்டியிருந்தான். "பட்டனைத் தட்டுறேன், காத்து வருது. நீ இன்னும் ஜன்னலைப் புடிச்சுத் தொங்கிட்டிருக்கியே!" என்று குளிர்காலம் முழுக்க மதுக்கடையில் சீட்டைப் போடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் போட்டான்.

"எனக்கு மெஷின் வேணாம். என் கை போதும்," என்றார் ஒட்டோரினோ.

"அது சரிங்க. ராத்திரியில மூடுபனி வந்தா?" என்றாள் நீவெஸ்.

"எழுந்து போய் மூடுவேன்."

"நீங்களா? கோயில் மணியைக் கொண்டாந்து தலைமாட்டுல கட்டி அடிச்சாலும் எழுந்திருக்க மாட்டீங்க. அந்த மூக்கு பண்ற சத்தத்துல மணிச் சத்தம் எங்க கேக்கும்?"

"மறுபடியும் குறட்டையா? நான் குறட்டை விடுறதில்லைன்னு எத்தனை தடவை சொல்றது!"

ஒட்டோரினோ குறட்டையை நம்பியதே இல்லை. ஒரு நாளாவது தன் காதால் கேட்டிருக்கிறாரா? இல்லை. கேட்காததை எப்படி நம்புவது? 'ராத்திரி பூரா டிராக்டர் ஓட்டினியா?' என்று சில்வினோ அடிக்கடி கேட்பான். 'இல்லையே, தூங்கிட்டேன்' என்று இவரும் மரியாதையாகப் பதில் சொல்வார்.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"நான் எதுவும் சொல்லலை. சில்வினோதான் சொன்னான். அந்தக் காலத்துல அசல் அமரோனேக்காரன் பரண்லயே கட்டில் போட்டுப் படுப்பானாம். ஈரக் காத்து மூக்குல பட்டதும் பொசுக்குனு முழிச்சுக்குவானாம். இப்ப அந்த மாதிரி ஆம்பளை இந்த மலையில யாரு இருக்கான்னு கேட்டுச் சிரிக்கிறான்."

ஒட்டோரினோ எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"நான் இருக்கேன்! இன்னிக்கே போறேன்!"

"ஐயோ, வேணாங்க!" நீவெஸ் கரண்டியைக் கீழே போட்டு நெஞ்சில் கை வைத்தாள். "அறுபத்தோரு வயசுல பரண்ல போய்ப் படுக்கிறதா? முழங்கால் வலி வேற. இங்க தனியா நான் எப்படிங்க இருப்பேன்?"

"இருந்து பழகு!"

"மூணு நாள் தாங்க மாட்டீங்க. தலையைத் தொங்கப் போட்டுட்டு இறங்கி வருவீங்க."

"மூணு நாளா? திராட்சை நசுக்குற நாள் வரைக்கும் என் தலையணை இந்த வீட்டுக்குள்ள வராது!"

நீவெஸ் பெருமூச்சு விட்டாள். அதில் துக்கம் கொஞ்சம் குறைவாகவும், வயிறாரச் சாப்பிட்டு முடித்த திருப்தி கொஞ்சம் அதிகமாகவும் இருந்தது. ஒட்டோரினோவுக்கு அதையெல்லாம் எடைபோட நேரமில்லை.

பரண், முற்றத்துக்கு அந்தப் பக்கம், வண்டிக் கொட்டகைக்கு மேலே இருந்தது. தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினார். ஏறிப் பார்த்தால், மேற்கு ஜன்னலோரம் அடுக்கியிருந்த பழைய சாக்குகளுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கட்டில்! வெயிலில் உலர்த்திய மெத்தை. மூன்று கம்பளி. மேலே ஒரு கம்பளித் தொப்பி. போட்டுப் பார்த்தார். அவர் தலைக்கே அளவெடுத்த மாதிரி இருந்தது.

'யாரோ பழைய சாமானை இங்க போட்டிருக்காங்க. நம்ம அதிர்ஷ்டம்!' என்று நினைத்துக்கொண்டார்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் உறுதியாக நின்றார். நவம்பர் முழுக்க மூடுபனி பள்ளத்தாக்கிலிருந்து திருடன் மாதிரி ஏறி வந்தது. மூக்கில் ஈரம் பட்ட மறுகணம் எழுந்து எட்டு ஜன்னலையும் அறைந்து சாத்தினார். காற்று காய்ந்ததும் எட்டையும் திறந்தார். தட்டுத் தட்டாகக் குனிந்து, சந்தேகப்பட்ட பழத்தையெல்லாம் கிள்ளி எறிந்தார். முதுகு வில்லானது. தாடியில் திராட்சை வாசம் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட மட்டும் வீட்டுக்கு வருவார்.

"போதுங்க, வந்துடுங்களேன்," என்று நீவெஸ் பொலெந்தாக் களியைத் தட்டில் தள்ளியபடி ஒவ்வொரு வாரமும் கெஞ்சினாள். கெஞ்சுகிறவள் கன்னம் ஆப்பிள் மாதிரி இருந்தது. கருவளையம் இரண்டும் ஊரை விட்டே போய்விட்டிருந்தன. கோயில் பாட்டுக் குழுவில் வேறு சேர்ந்திருந்தாள்.

"நான் இல்லாம ரொம்பக் கஷ்டப்படுறியா?"

"கேக்காதீங்க," என்று முந்தானை இல்லாத குறைக்கு ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டிசம்பரில், சாந்தா லூச்சியா திருநாளன்று, ஒட்டோரினோவுக்குச் சளி பிடித்தது. தும்மினார். பரண் அதிர்ந்தது. போதும் என்று முடிவு செய்தார். தலையணையை எடுத்துக்கொண்டு சரளைக் கல் நறநறக்க முற்றத்தைத் தாண்டி, சமையலறைக் கதவில் கை வைக்கப் போனார். உள்ளே நீவெஸ், சில்வினோவின் மனைவி எர்மீனியாவிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"எர்மீனியா, பாவம் மனுஷன், இன்னிக்கு இறங்கிடுவார்னுதான் தோணுது. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு. மெஷின்தான் ஜெயிச்சுதுன்னு கடையில எல்லாருக்கும் அவரே சொல்லட்டும்."

கதவைத் தொடப்போன கை அப்படியே நின்றது. சரளைக் கல் மறுபடி நறநறத்தது, இந்தத் தடவை திரும்பிப் போகிற பக்கம்.

கிறிஸ்துமஸ் அன்று மதுக்கடையில் எல்லார் முன்னாலும் மேஜையில் இன்னொரு குத்து விட்டார். "என் அமரோனே நாலு வருஷம் ஓக் பீப்பாயில இருக்கும்! ஒரு நாள் குறையாது! அதுவரைக்கும் அதை விட்டு நான் நகர மாட்டேன்! எழுதி வச்சுக்கங்கடா!" சில்வினோ நிஜமாகவே கடைக்காரனிடம் பென்சில் வாங்கிச் சுவரில் எழுதி வைத்தான்.

ஜனவரி கடைசியில் திராட்சை நசுக்கும் நாள் வந்தது. சில்வினோ உதவிக்கு வந்தான். ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்தான். இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தான். பூசணம் இல்லை. அழுகல் இல்லை. எலி கடித்த அடையாளம்கூட இல்லை.

"ஒத்துக்கறேன்ப்பா," என்று தொப்பியைக் கழற்றினான். "மெஷின் தோத்துடுச்சு. ஆனா இந்த எலி விஷயந்தான் புரியலை. என் பரண்ல இந்த வருஷம் எலித் திருவிழா. உன் வீட்டு எலியெல்லாம் குடும்பத்தோட என் வீட்டுக்கு வந்துடுச்சு. அப்படி என்னத்தப்பா பண்ணி விரட்டின?"

"தூங்கினேன். அவ்வளவுதான்."

"அதான் விஷயமா!" சில்வினோ தொடையைத் தட்டிச் சிரித்தான். "அன்னிக்கு அந்தக் கட்டிலைத் தூக்கிட்டு வந்ததுல என் இடுப்பு போச்சு. ஆனா உன் பொண்டாட்டி கெட்டிக்காரிப்பா."

"எந்தக் கட்டில்?"

"இதான். நானும் எர்மீனியாவுந்தானே தூக்கிட்டு வந்து போட்டோம். செப்டம்பர்ல. நீ தோட்டத்துல இருந்தே. அப்ப இன்னும் ஒரு திராட்சைகூடப் பறிக்கலை."

ஒட்டோரினோவின் தலைக்குள் கட்டில், மெத்தை, தொப்பி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன.

"அசல் அமரோனேக்காரன் பரண்ல படுப்பான்னு நீ சொன்னியா?"

"நானா? எவன்ப்பா பரண்ல படுப்பான்?"

சாறும் தோலுமாகத் தொட்டியில் கொட்டி முடித்ததும், ஒட்டோரினோ தலையணையைக் கக்கத்தில் இடுக்கினார். இந்தத் தடவை சரளைக் கல் பொடியாகிற மாதிரி நடந்தார். சமையலறைக் கதவைத் தள்ளினார்.

"நீவெஸ்! எல்லாம் தெரிஞ்சுபோச்சு! இன்னிக்கு என் கட்டில்ல, என் இடத்துல, நான்தான் படுப்பேன். இது சத்தியம்!"

"வாங்க," என்றாள் நீவெஸ், அடுப்பில் ரிசொட்டோச் சோற்றைக் கிண்டியபடி. "உங்க வீடு. உங்க கட்டில். யாரு வேணாம்னா?"

இவ்வளவு சுலபமாக ஜெயிப்போம் என்று அவர் நினைக்கவில்லை. இரண்டு அடி எடுத்து வைத்தார்.

"தொட்டிதான் பாவம்," என்றாள் அவள்.

"தொட்டிக்கு என்ன?"

"இந்தக் குளிர்ல சாறு நாப்பது நாள் நொதிச்சுப் பொங்கணுமே. பாதியில நின்னுட்டா ஒயின் இனிப்பா நின்னுடும்னு நீங்கதானே சொல்லுவீங்க. பொங்குற சத்தம் நின்னா உடனே போய்க் கிளறி விடணுமாம். பரவால்லங்க. சில்வினோ வீட்டுத் தொட்டிக்கு என்னமோ மெஷின் இருக்காம்."

ஒட்டோரினோ நின்றார்.

"அப்புறம் பீப்பாய். அதுக்கு எத்தனை வருஷம்னு சொன்னீங்க? கடைச் சுவத்துல எழுதியிருக்குன்னு பாட்டுக் குழுவுல பேசிக்கிட்டாங்க."

"நாலு," என்றார் ஒட்டோரினோ. குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அதை விட்டு நகர மாட்டேன்னும் எழுதியிருக்காம். ஆனா தொட்டி இருக்கிற நிலவறையில மட்டும் படுக்காதீங்க. பொங்குற காத்து மூச்சை அடைச்சுடும். எனக்கு உங்க உசிரு முக்கியம். அடுத்தாப்ல வெளிக் கதவு வச்ச கருவி அறை இருக்கு பாருங்க, அங்கன்னா ஜன்னல் இருக்கு, தொட்டிச் சத்தமும் கேக்கும்."

அவர் கடைசியாக ஒரு தடவை தலையை நிமிர்த்தினார். ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது.

"கருவி அறையில கட்டில் இல்லையே?"

நீவெஸ் ரிசொட்டோவை ஒரு வாய் ருசி பார்த்தாள்.

"அதை ஆகஸ்ட்லயே போட்டாச்சுங்க."