டைமிங் லைட்டும் நிச்சயதார்த்தத் தட்டும்

ஒரு வேலையைச் செல்போன் வீடியோவில் பார்த்தவனுக்கு வருகிற தைரியம், அதை அன்றாடம் செய்கிறவனுக்கு வராது. எனக்கு அந்தத் தைரியம் வந்தது ஓர் ஆயுதபூஜை அன்று. மறுநாள் என் மச்சான் சரவணனுக்குக் கீழ்பென்னாத்தூரில் நிச்சயதார்த்தம்.

நான் செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவன். படிப்பு பத்தாவது. எந்தப் பொருளையும் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. (திறந்ததை மூடத் தெரியுமா என்பது வேறு விஷயம்.) அப்படி ஆசைப்பட்டு வாங்கியதுதான் டைமிங் லைட்.

பிள்ளைகளே, அது பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். பெட்ரோல் இன்ஜினுக்குள் ஒரு தீப்பொறி சரியான நேரத்தில் விழ வேண்டும். முந்தினால் இன்ஜின் இடிக்கும். பிந்தினால் வண்டி இழுக்காது, சூடேறும். பொறி விழும்போதெல்லாம் இந்த விளக்கு பளிச்சென்று மின்னும். இன்ஜினின் முன்பக்கம் சுற்றும் சக்கரத்தில் ஒரு கோடு உண்டு, அதன் அருகில் அசையாத ஒரு முள் உண்டு. மின்னலில் இரண்டும் நேராகத் தெரிந்தால் டைமிங் சரி.

சுற்றுகிற சக்கரத்தில் கோடு எப்படி நிற்கும் என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் சாப்பிடாமல் அதைத்தான் யோசித்தேன். சக்கரம் ஒரே இடத்துக்கு வரும்போது மட்டும் விளக்கு மின்னுகிறது. மற்ற நேரத்தில் அது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் நிற்பதுபோல் இருக்கிறது. எவ்வளவு அழகான ஏமாற்று!

மாமனாரிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. "இழுவை கொஞ்சம் கம்மியா இருக்கு மாப்ள" என்றார் அவர். அது போதாதா எனக்கு? காலையில் மாமியார் காருக்குப் பூஜை போட்டு முடித்திருந்தார். வெளிச்சம் குறைந்த சாயங்காலம் நான் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, விளக்கை அடித்தேன்.

உடம்பு சிலிர்த்துவிட்டது. தடதடவென்று ஓடும் இன்ஜினில் சக்கரம் அசையாமல் நிற்கிறது! (தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன். என் மனைவி ஜெயா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததால்தான் இன்று இதை இரண்டு கையாலும் டைப் செய்கிறேன். நீங்கள் தொடாதீர்கள்.)

வீடியோவில் ஒரே ஒரு கோடுதான். எங்கள் காரில் பளபளவென்று மூன்று. அந்தக் காலத்து வண்டி, தாராளமாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தித் திருப்பி, நடுக்கோட்டை முள்ளுக்கு நேராகக் கொண்டுவந்து போல்ட்டை முறுக்கினேன்.

"ஏங்க, சத்தம் ஒரு மாதிரி வருதே?" என்றாள் ஜெயா.

"காது தப்பு சொல்லும். லைட்டு தப்பு சொல்லாது."

மறுநாள் தாம்பூலத் தட்டோடு கிளம்பினோம். பெண்ணின் தாத்தா முன்பே சொல்லியிருந்தார்: "நல்ல நேரம் தாண்டிச்சின்னா தட்டு மாத்த மாட்டேன். தை மாசம் பாத்துக்கலாம்." சரவணனுக்குத் தை மாதம் வரை தாங்காது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

ஊரைத் தாண்டியதும் கார் முனகியது. பிறகு சைலன்சர் வழியாகப் பட்டாசு வெடித்தது. வேர்க்கடலை மூட்டை ஏற்றிய வேன்கூட எங்களை முந்திக்கொண்டு போனது. பாதி வழியில் ரேடியேட்டர் இட்லிப் பானைபோல ஆவி விட, வண்டி நின்றேவிட்டது.

"மாமா, நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சி? என்ன பண்ணீங்க?" என்று கேட்டான் சரவணன், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே.

"ஒண்ணும் பண்ணலடா. மூணு வெள்ளைக் கோடு இருந்துது. நடுவுல இருக்கறத வெச்சேன்."

தண்ணீர் பாட்டிலோடு வந்த மாமியார் நின்றார். "எந்த இடத்துலங்க மாப்ள?"

காட்டினேன்.

"அய்யய்யோ, அது நான் பூசின விபூதிப் பட்டைங்க! ஒரு எடம் விடாம பூசுவேனே!"

மாமனார் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகை இல்லை.

விபூதியைத் துடைக்கப் போனேன். "நல்ல காரியத்துக்குப் போறப்ப அத அழிக்காதீங்க மாப்ள" என்று கையைப் பிடித்துக்கொண்டார் மாமியார். பட்டைக்குத் தள்ளி, கிரீஸ் அழுக்குக்குள் தேடினேன். ஒரு சின்ன வெட்டு தட்டுப்பட்டது. அதுதான் அசல் கோடு. ஆனால் கன்னங்கரேல் என்று இருந்தது. வெள்ளையாக எதையாவது பூசினால்தான் தெரியும்.

தட்டில் வெற்றிலைக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு டப்பா இருந்தது. விரலில் எடுத்துத் தடவினேன். வண்டி ஆறியதும் இன்ஜினை ஓடவிட்டோம். (பெண் வீட்டாருக்குக் காட்டிப் பெருமையடிக்க விளக்கையும் கொண்டுபோயிருந்தேன்.) பட்டப்பகலில் மின்னல் தெரியவில்லை. சரவணனின் பட்டுத் துண்டைப் போர்த்தி அதற்குள் தலையை விட்டேன். எதிரே வந்த பஸ்ஸே மெதுவாகப் போனது. ஜன்னலிலிருந்து ஒருவர், "என்னாங்க, வண்டிக்கு ஆவி புடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

சுண்ணாம்பும் முள்ளும் நேராயின. இன்ஜின் சத்தம் பட்டுப்போல மாறியது. பானெட்டை அறைந்து மூடிவிட்டுப் பறந்தோம். பெண்ணின் தாத்தா வாசலில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே தட்டை மாற்றினோம்.

தாத்தா வெற்றிலையை மடிக்கப் போனார். தட்டைத் துழாவினார். "சுண்ணாம்பு எங்கப்பா?"

டப்பாவை ரேடியேட்டர் மேலேயே வைத்துப் பானெட்டை மூடியது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"வண்டியில இருக்கு தாத்தா" என்றான் சரவணன். "மாமா இன்ஜினுக்குத் தடவிட்டாரு."

கதவுக்குப் பின்னாலிருந்து கல்யாணப் பெண் பக்கென்று சிரித்தாள். சரவணன் அவள் சிரிப்பைக் கேட்டது அதுதான் முதல் முறை. தாத்தாவும் சுண்ணாம்பில்லாத வெற்றிலையை மென்றுகொண்டே சிரித்தார்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குத் தட்டு வைத்தாலும் இரண்டு சுண்ணாம்பு டப்பா. "ஒண்ணு வெத்தலைக்கு, ஒண்ணு மாப்ள வண்டிக்கு" என்று சொல்லித்தான் மாமியார் வைக்கிறார். இப்போது நான் ஓட்டுவது பேட்டரி ஸ்கூட்டர். அதில் தீப்பொறியே கிடையாது என்று எத்தனையோ முறை விளக்கிவிட்டேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்டுவிட்டு, இரண்டாவது டப்பாவையும் எடுத்து வைக்கிறார்கள்.