நேத்ராவின் விமானப் படிப்பும் பங்காருபேட்டை மச்சானும்

நந்திதுர்க், கோலார் தங்கவயல்
17.6.2001

பங்காருபேட்டையில் சொந்த வீட்டோடும் ரயில்வே பென்ஷனோடும் கவலையற்று வாழும் மச்சான் பாக்கியராஜ் அவர்களுக்குக் காத்தவராயன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை மங்களமும் நலம். உங்கள் மருமகள் நேத்ரா ரொம்பவே நலம். கெட்டிருப்பது என் தூக்கம் மட்டும்தான், அதற்குக் காரணம் நீங்கள்.

எலகங்கா விமானக் கண்காட்சிக்கு அவளை அழைத்துப் போனவர், பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்துத் திருப்பிக் கூட்டி வந்திருக்கலாம். பெண்களும் விமானம் ஓட்டுகிறார்கள் என்று அவள் காதில் போட்டுவிட்டு ரயிலேறிப் போய்விட்டீர்கள். இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டுப் பைலட் ஆவேன் என்று நிற்கிறாள். சுரங்கத்தை மூடி நான்கு மாதம்கூட ஆகவில்லை, செட்டில்மென்ட் பணத்தின் வாசனை இவளுக்கு எப்படித்தான் எட்டியதோ.

சரி, விசாரிப்போம் என்று பெங்களூரில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனோம். டை கட்டிய மேனேஜர் இரண்டு வழி சொன்னார். இங்கேயே படித்தால் எட்டு லட்சம், ஆனால் விமானம் ரிப்பேர், மழை, மேகம் என்று மூன்று வருஷம் இழுக்கும். அமெரிக்கா போனால் பன்னிரண்டு லட்சம், ஒரே வருஷத்தில் லைசென்ஸ், ஆனால் திரும்பி வந்து இங்கே மறுபடி பரீட்சை எழுத வேண்டும். அப்புறம் பெரிய விமானம் ஓட்டத் தனிப் படிப்பு, அதற்குத் தனிக் காசு. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் என்ற கூண்டின் வைண்டிங் இன்ஜினை ஓட்டக் கற்றபோது கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுத்தது. இங்கே விமானத்தில் உட்காரும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நாம் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டுமாம். வேலை கிடைக்குமா என்றேன். லைசென்ஸ் எங்கள் பொறுப்பு, வேலை கடவுள் பொறுப்பு என்றார்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து அவர் டீ சொல்ல மேஜை மணியை மூன்று முறை தட்டினார். சுரங்கத்தில் மூன்று முறை மணி அடித்தால் கேஜில் ஆட்கள் ஏறுகிறார்கள் என்று அர்த்தம், டிரைவர் யாரிடமும் பேசக்கூடாது. கை இரண்டையும் முன்னால் வைத்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அவர் நேத்ராவுக்கு ஓர் இடத்தைப் பிடித்து வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும்.

இங்கே ஸ்கெலட்டன் குடியிருப்பில் இன்பராஜ் என்ற பையன் அமெரிக்க லைசென்ஸோடு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருக்கிறான். தோளில் பட்டை வைத்த வெள்ளைச் சட்டையைக் கல்யாணங்களுக்குப் போட்டுக்கொள்கிறான். அவனையும் காட்டிவிட்டேன், அவளுக்கு உறைக்கவில்லை. பேங்கில் கடன் கேட்டால், நீங்கள் இருக்கும் குவார்ட்டர்ஸ் கம்பெனியுடையது, ஜாமீனுக்குச் சொந்த வீடு வேண்டும் என்கிறார்கள். செட்டில்மென்டை முழுக்கக் கொட்டினாலும் பாதிதான் தேறும். அவள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. காது குத்தும்போது மடியில் உட்காரவைத்த தாய்மாமன் நீங்கள், கண்டிப்பாக நாலு வரி எழுதி இதை நிறுத்துங்கள்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. கோலாரம்மன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் என் மீது கொஞ்சம் இரக்கமும் தரட்டும்.

இப்படிக்கு,
காத்தவராயன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் நேத்ரா இதைப் படித்துவிட்டாள். "வேணாம்னா நீயே சொல்லுப்பா. மாமாவ இன்னாத்துக்கு இழுக்கற?" என்றாள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் பைலட் பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

"மூஞ்சியே தெரியாதுப்பா. மீட்டரப் பாத்துதான் ஓட்டணும். நீ ஓட்டல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். இருபத்தாறு வருஷம் நான் இறக்கி ஏற்றியவர்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது. ஆனாலும் தினம் வந்து ஏறினார்கள்.

மறுநாளே செட்டில்மென்டிலிருந்து முன்பணம் கட்டியாகிவிட்டது. மேலே உள்ளதை மறந்துவிட்டு, அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, கடன் ஜாமீனுக்கு உங்கள் வீட்டுப் பத்திரத்தோடு ராபர்ட்சன்பேட்டை பேங்குக்கு வரவும். கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை, மூன்று மணி அடித்துவிட்டதாக நினைத்து வாய் திறக்காமல் இருக்கவும்.