மேடையில் நான் மொழிபெயர்த்த சண்டை

எங்கள் பக்கத்தில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "கிளிநொச்சி" என்று பதில் சொன்னால், "அது சரி, சொந்த ஊர்?" என்று அடுத்த கேள்வி வரும். நான் கிளிநொச்சியில் பிறந்து, படித்து, கிளிநொச்சியிலேயே நீர்வழங்கல் வேலை பார்ப்பவள். ஆனாலும் கலியாண வீடுகளில் என் சொந்த ஊர் பருத்தித்துறைப் பக்கம். அங்கே எனக்குத் தெரிந்தவை: ஒரு பஸ் தரிப்பிடம், ஒரு சித்தப்பா, சித்தப்பாவின் நாய். (நாய்க்கு என்னைத் தெரியாது.)

இந்தக் கேள்வியை நானும் பார்ப்பவர் எல்லோரிடமும் கேட்பவள்தான். கேட்காமல் விட்டது ஒரேயொருவரிடம். அவர் வெள்ளைக்காரர். வெள்ளைக்காரருக்கு நாடு மட்டும்தான் இருக்கும், ஊர் இருக்காது என்று அப்போது நம்பியிருந்தேன்.

எங்கள் குடியேற்றக் கிராமத்துப் பாடசாலைக்குப் பக்கத்தில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று கட்டி முடித்திருந்தோம். தொழில்நுட்ப உத்தியோகத்தராக அது எனக்கு முதல் வேலை. அதற்கு ஆலோசனை சொன்ன கொலின் என்ற ஓய்வுபெற்ற பொறியியலாளர், மனைவி மார்கரெட்டுடன் அவுஸ்திரேலியாவிலிருந்து திறப்புவிழாவுக்கு வந்தார். ஏற்பாடு, வரவேற்பு, மொழிபெயர்ப்பு எல்லாம் என் தலையில். பதறாதவள் என்று பெயரெடுத்தவள் நான், பட்டியல் போட்டேன். பந்தல், மேளம், வடை, கைகழுவத் தண்ணீர், அந்தத் தண்ணீர் வராவிட்டால் வேறு தண்ணீர். (திறக்கப்போவதே தண்ணீர் நிலையம்.) மேடைக்குப் பின்னால் அவுஸ்திரேலியக் கொடி போட்ட பெரிய பதாகை: "அவுஸ்திரேலிய மண்ணின் மைந்தரே, வருக!" வாசலில் என் கையாலேயே ஒரு கங்காரு கோலம்.

அப்பா கோலத்தை ஒருமுறை சுற்றி நடந்தார்.

"என்ன பிள்ளை, அணிலோ?"

"கங்காரு அப்பா."

"வயித்துக்குள்ள என்ன?"

"குட்டி."

"குடுத்து வைச்ச குட்டி. எங்க போனாலும் ஊரும் கூடவே போகுது."

அந்த நாட்களில் அப்பாவுக்கு எந்தக் கதையும் ஊரில்தான் போய் முடியும். கலியாணம் முடித்த கையோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு, பருத்தித்துறைக் கடற்கரையை விட்டு வயல் செய்ய இங்கே வந்தவர் அவர். கொஞ்சக் காலத்துக்கு என்று வந்து, பிள்ளைகள் பெற்று, போரில் இடம்பெயர்ந்து, திரும்பவும் இங்கேயே வந்தவர். இப்போது வயலை விற்றுவிட்டு ஊரில் போய் இருப்பது என்று தீர்மானித்திருந்தார். மல்லாவியிலிருந்து ஒருவர் வயலைக் கேட்டுப் போயிருந்தார்; விழாவுக்கு மறுநாள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அம்மா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சட்டி பானைகளை மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

கொலின் மாலையோடு மேடையேறினார். பதாகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பெருமையோடு சொன்னேன். அவர் முகம் வாடியது. மைக்கை வாங்கி, மிகவும் பணிவாக ஏதோ சொன்னார். நான் மொழிபெயர்க்காமல் நின்றேன்.

கிராமச் சங்கத் தலைவர் என் காதருகே குனிந்தார். "சேர் என்ன சொல்லுறார்?"

"தான் அவுஸ்திரேலியன் இல்லையாம், ஐயா."

"அப்ப ஆரைப் பிள்ளை கூட்டியந்தனீர்?"

கொலின் பதாகைப் பக்கம் திரும்பினார். அவுஸ்திரேலியக் கொடியின் மூலையில் பிரித்தானியக் கொடி சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும், தெரியும்தானே? அதில் விரலை வைத்தார். இனி வேறு வழியில்லை, மொழிபெயர்த்தேன். "நான் இந்த மூலைக்காரன். இங்கிலாந்தில பிறந்து, இளந்தாரியாக் கப்பலேறினனான். என்ர ஆயுசில முக்கால்வாசி அவுஸ்திரேலியாவில போயிட்டுது. இன்னும் அந்த நாட்டுக் குடியுரிமை எடுக்கேல்லை."

மார்கரெட் கதிரையிலிருந்து எழுந்தார். அவரும் அதே கப்பலில் வந்த இங்கிலாந்துக்காரிதான். ஆனால் தான் அவுஸ்திரேலியக்காரி என்றும், தன் வீட்டில் இவரைத் தவிர எல்லோரும் அவுஸ்திரேலியர் என்றும், இதையும் மொழிபெயர்க்கும்படியும் கேட்டுக்கொண்டார். கொலின் தன் ஊர் மழையைப் பற்றி உருக்கமாகச் சொன்னார். அந்த மழையில்தான் தன் தாய்க்கு நெஞ்சுச்சளி மாறவே இல்லை என்று மார்கரெட் சொன்னார்.

புத்தியுள்ளவள் இந்த இடத்தில் மேளத்தைத் தட்டச் சொல்லியிருப்பாள். நான் தொடங்கிய வேலையை முடிப்பவள். புருஷனுக்கு ஒரு குரல், பெண்சாதிக்கு ஒரு குரல் என்று வைத்து வரி தவறாமல் மொழிபெயர்த்தேன். கூத்துப் பார்ப்பதுபோலச் சனம் கதிரைகளை முன்னுக்கு இழுத்துக்கொண்டது. மேளக்காரர் கடித்த வடையை விழுங்க மறந்திருந்தார்.

கடைசியில் மார்கரெட் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். நானும் குரலைத் தாழ்த்தினேன். (மைக்கில்தான்.)

"இவ்வளவு காலமும் என்னோட இருந்த இடம் உங்களுக்கு ஊராத் தெரியேல்லையோ?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்!"

பெண்கள் பக்கமிருந்து வந்தது அந்தக் குரல். என் அம்மா எழுந்து நின்றார். எழுந்து நின்ற பிறகுதான், தான் எழுந்து நிற்பது அவருக்கே தெரிந்ததுபோல இருந்தது. ஆனாலும் திரும்பக் கதிரையில் இருக்கவில்லை. முழுச்சனமும் திரும்பி அப்பாவைப் பார்த்தது.

அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. எழுந்து, சால்வையைச் சரிசெய்து, மேடையைப் பார்த்தார். "சேர் ஒருக்காலாவது திரும்பிப் போய்ப் பாத்தவரோ? கேள் பிள்ளை."

கொலின் போயிருக்கிறார். பிறந்த தெருவிலேயே ஒரு கடைக்காரர் அவர் பேச்சைக் கேட்டுவிட்டு, அவுஸ்திரேலியாவிலிருந்து விடுமுறையில் வந்திருக்கிறீர்களா என்று கேட்டாராம். அவுஸ்திரேலியாவிலோ இன்னும் அவர் வாயைத் திறந்தால் இங்கிலாந்துக்காரர் என்கிறார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் மார்கரெட் குறுக்கிடவில்லை.

அப்பா சத்தமாகச் சிரித்தார். "சேருக்குச் சொல்லு, எனக்கும் இதே வருத்தம்தான் எண்டு. இஞ்ச நான் யாழ்ப்பாணத்தான். அங்க போனா வன்னியான்."

சொன்னேன். கொலின் மேடையைவிட்டு இறங்கிப் போய் அப்பாவின் கையைப் பிடித்தார். அப்பா தன் மற்றக் கையை அதன்மேல் வைத்தார். எனக்கு மொழிபெயர்க்க எதுவும் இருக்கவில்லை. நிலையத்தை யார் திறந்து வைத்தார்கள் என்பது நினைவில் இல்லை. தண்ணீர் வந்தது, அதற்கு நான் உத்தரவாதம்.

மறுநாள் அப்பா மல்லாவிக்காரருக்குப் போன் எடுத்தார். "இந்தப் போகம் வெட்டட்டும், பிறகு கதைப்பம்." அதற்குப் பிறகும் போகங்கள் வந்து போய்விட்டன. வயல் இன்னும் எங்களுடையது.

எனக்கு வீட்டில் நிரந்தர உத்தியோகம் கிடைத்துவிட்டது. அப்பாவோடு சண்டை தொடங்கினால், "எங்க எங்கட மொழிபெயர்ப்பாளர்? கொப்பருக்கு நான் சொல்லுறது விளங்கேல்லையாம்" என்று அம்மா கூப்பிடுவார். ஊரிலிருந்து வரும் சித்தப்பாவோ முழுக் கதையையும் என்னை நடித்துக் காட்டச் சொல்வார்.

சில பின்னேரங்களில் அப்பா முற்றத்தில் வடக்கே பார்த்து நின்று, "கடல் மணக்குது" என்பார். எங்கள் வீட்டில் வயல் சேறுதான் மணக்கும்.

"என்னவாம் கொப்பர்?" என்று அம்மா குசினியிலிருந்து கேட்பார்.

"பசிக்குதாம்," என்று மொழிபெயர்ப்பேன்.