காற்றடித்த மாப்பிள்ளை

"…இல்லையப்பா, நாங்கள் வரேக்கை இவர் இவ்வளவு மொத்தமில்லை. இப்பத்தான் வீங்கிறார்!"

வசந்தி சொன்னது ஹெல்மெட்டுக்குள்ளும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பெண்வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்ன முதல் அபிப்பிராயம் அது.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேணும்" என்பார்கள். லண்டனின் சட்டன் பகுதியில் இருந்த என் சித்தப்பா பெண்வீட்டாரிடம் பொருந்தத்தான் சொல்லியிருந்தார்: "பெடியனுக்கு விண்வெளிப் பக்கம் வேலை." எண்பதுகளின் கடைசியில் நான் உண்மையில் பார்த்த வேலை, லண்டனில் ஒரு விமானக் காட்சியகத்தில் சனிக்கிழமைகளில் உடுப்புப் போட்டுக்கொண்டு நிற்பது. (பொம்மை வாங்கினால் செலவு என்று என்னை வைத்திருந்தார்கள்.)

அந்த உடுப்பு, மிக உயரத்தில் பறந்த ஆதிகால விமானிகளின் அழுத்த உடையைப் போலச் செய்தது. மேலே காற்று போதாது என்பதால், ரப்பர் உடைக்குள் காற்றை அடைத்து உடம்பை அமுக்கிப் பிடிப்பார்கள். விண்வெளி வீரரின் உடைக்கு இது பாட்டன் முறை. "காற்று வால்வைப் பாதிக்கு மேல் திறக்காதே" என்று பொறுப்பாளர் எச்சரித்திருந்தார்.

லண்டனின் இன்னொரு மூலையான ரெய்னர்ஸ் லேனிலிருந்து வசந்தியும் தகப்பனும் சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வந்து நின்றால், பாதிக் காற்றோடு நிற்க மனம் வருமா? வால்வை முழுசாகத் திறந்தேன்.

முதலில் நெஞ்சு நிமிர்ந்தது. பெருமை என்று நினைத்தேன்; காற்று. பிறகு இரண்டு கைகளும் தாமாகவே பக்கவாட்டில் எழுந்தன. வால்வை மூடலாமென்றால் விரல் மடங்கவில்லை. (ஆதி விமானிகளுக்கும் இதே வில்லங்கம்தானாம். ஆனால் அவர்களைப் பெண்வீட்டார் பார்க்க வரவில்லை.)

"தம்பி, வேலை பெர்மனன்டோ?" என்றார் தகப்பன்.

ஓம் என்று தலையாட்டப் பார்த்தேன். கழுத்து அசையாததால் முழு உடம்பும் ஆடியது. அப்படியே மல்லாக்க விழுந்து, கைகளை விரித்தபடி கிடந்தேன்.

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் படுத்திட்டான். வா பிள்ளை, போவம்."

சம்பந்தம் முடிந்தது என்று கண்ணை மூடினேன்.

இன்றைக்கும் நான் இரண்டாம் முறை சோறு வாங்கினால், "அப்பா, வால்வை மூடுங்கோ!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். (பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்கிறீர்களா?)

அன்றைக்கு வசந்தி போகவில்லை; குனிந்து காற்றுக் குழாயைப் பிடுங்கினாள். சபையில் வரக்கூடாத ஒரு சத்தத்தோடு காற்று வெளியேறத் தொடங்கியது. "நீங்கள் காருக்குப் போங்கோ அப்பா. இவர் வத்துமட்டும் நான் நிக்கிறன்" என்றவள், தன் கோட்டைக் கழற்றி என் ஹெல்மெட்டுக்குத் தலையணையாக வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.