சுவிட்சுக்கு ஓர் இடம்

பெனடிக்ட் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். பால் காய்ச்சினான். அம்மாவுக்கு மாத்திரை எடுத்து வைத்தான். அப்புறம் சிங்க் முன்னால் நின்று, சுவிட்சை எங்கே வைப்பது என்று யோசித்தான். பதினோரு நாளாக இதுவும் காலை வேலைகளில் ஒன்று.

சிங்குக்கு அடியில் தொங்கியது எந்திரம். காய்கறித் தோல், மிச்சம் மீதி எதைப் போட்டாலும் கூழாக்கிச் சாக்கடைக்குத் தள்ளிவிடுமாம். மனைவி ஜெசிந்தாவின் அண்ணன் மரிய ஜோசப் துபாயிலிருந்து அனுப்பியது. முன்பு அவர் அனுப்பிய மைக்ரோவேவ் அடுப்புக்குள் பெனடிக்டின் அம்மா அப்பளக் கட்டுகளை வைத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பியவர், இரண்டு வருஷம் தங்கையிடம் பேசவில்லை. இன்று மத்தியானம் வருகிறார்.

"அண்ணன் வர்றப்ப இது ஓடணும்," என்றாள் ஜெசிந்தா. "இந்தத் தடவையும் கோவிச்சுட்டுப் போனாகன்னா, நானும் பின்னாலயே போயிருவேன்."

அவள் சொன்னால் செய்வாள்.

உத்தமபாளையத்து எலக்ட்ரீசியன் பால்பாண்டி முதலில் சுவிட்சைச் சிங்குக்கு அடியிலேயே வைத்தான். அம்மாவுக்குக் குனிய முடியாது. ஈரக் காலால் போட்டாள். சுருக்கென்று கரண்ட் அடித்ததில் அரை நாள் அந்தக் காலைத் தரையில் ஊன்றவில்லை.

அடுத்து மேலே, மிக்ஸி சுவிட்சுக்குப் பக்கத்தில். ஜெசிந்தா சட்னிக்கு மிக்ஸியைப் போட்டாள். மிக்ஸி சும்மா இருந்தது. சிங்க் உறுமி இரண்டு ஸ்பூனைத் தின்றது.

சமையலறையே வேண்டாம் என்றான் பெனடிக்ட். பால்பாண்டி ஹாலில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே போய் நின்றான். படத்துச் சிவப்பு விளக்கின் சுவிட்ச் பெட்டியில் ஓர் ஓட்டை காலியாக இருந்தது.

"வேற எங்கன வச்சாலும் செவத்த ஒடைக்கணும் சார்."

நேற்றுச் சாயங்காலம் அம்மா ஜெபமாலைக்கு விளக்கைப் போட்டாள். விளக்கு எரிந்தது. எந்திரமும் ஓடியது. வயரை மாற்றிப் பிணைத்துவிட்டுப் போயிருந்தான் பால்பாண்டி. பெனடிக்ட் அணைக்கப் போனான்.

"செபம் முடியாம வெளக்க அமத்தக் கூடாது," என்றாள் அம்மா.

ஐம்பத்து மூன்று அருள்நிறை மரியே செபத்தையும் எந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார்கள். அடுத்த வீட்டுக்காரர் மாவு மில் வைத்துவிட்டீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இன்று பத்து மணிக்குப் பால்பாண்டி கடைசியாக ஓர் இடம் கண்டுபிடித்தான். கொல்லையில், துவைக்கிற கல்லுக்கு மேலே, சமையலறை ஜன்னலுக்கு வெளிப்பக்கம். யார் காலும் படாது, மிக்ஸியும் இல்லை, ஆண்டவரும் இல்லை. உள்ளே ஒருவர் குப்பையைப் போட்டுக் குரல் கொடுக்க வேண்டும். வெளியே ஒருவர் நின்று சுவிட்சைப் போட வேண்டும். அவ்வளவுதான்.

பெனடிக்டுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. சரி என்றான்.

பன்னிரண்டரைக்குக் கார் வந்து நின்றது. பெனடிக்ட் புது வேட்டியோடு கொல்லைக்கு ஓடினான். வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே மரிய ஜோசப் செருப்பைக் கழற்றிய கையோடு நேராகச் சமையலறைக்குப் போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பின்னாலேயே அவர் மனைவி எப்சிபா.

ஜெசிந்தா வாழைக்காய்த் தோலைச் சிங்கில் போட்டாள். தொண்டையைச் செருமினாள். அதுதான் குறிப்பு. பெனடிக்ட் சுவிட்சை அமுக்கினான்.

ஓடியது. தோல் மறைந்தது. ஜெசிந்தாவின் முகத்தில் பதினோரு நாளில் முதல் சிரிப்பு.

மரிய ஜோசப் சிரிக்கவில்லை. சிங்குக்கு அடியில் குனிந்து பார்த்தார். மிக்ஸி பக்கம் பார்த்தார். ஹாலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"சுவிட்ச எங்கம்மா வச்சிருக்கீக?" என்று தங்கையிடம் கேட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் பார்த்தாள். போச்சு, என்று நினைத்தான் பெனடிக்ட். சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவும் தோன்றவில்லை.

எப்சிபா ஜன்னல் பக்கம் வந்தாள். கம்பி வழியாக, வேர்த்து வழிந்துகொண்டு நின்ற பெனடிக்டையும் அவன் விரலையும் சற்று நேரம் பார்த்தாள்.

"இது எங்களுக்குத் தோணலையே அண்ணே," என்றாள். "சுவிட்ச எங்க வைக்கிறதுன்னு நாங்க ஒரு வருசம் சண்டை போட்டுட்டு, பொறுக்க மாட்டாமத்தான இவுக கழட்டி ஒங்களுக்கு அனுப்புனாக."